இலைக் காசு

கோத்தகிரி கடைவீதியில் எங்கள் மளிகைக் கடை இருந்த காலத்தில், தேதி பார்க்கக் காலண்டர் தேவைப்பட்டதில்லை. கடைப் படி ஏறுகிறவர்களின் முகமே சொல்லிவிடும். பச்சைத் தேயிலைக்குத் தொழிற்சாலையில் பணம் போட்ட வாரம் என்றால் பையை உதறிக்கொண்டே உள்ளே வருவார்கள். பழைய பாக்கியை அப்பா கேட்பதற்குள் அவர்களே எடுத்து நீட்டுவார்கள். ஒரு படி அரிசி கூடுதலாகப் போகும். மாதக் கடைசி என்றால் வாசலிலேயே கொஞ்சம் நிற்பார்கள். மற்றவர்களுக்கு நிறுத்துக் கொடுத்து முடிக்கும்வரை மழையைப் பற்றிப் பேசுவார்கள். கூட்டம் கலைந்ததும் குரலைத் தாழ்த்தி, "அண்ணாச்சி, இதையும் எழுதிக்கங்க" என்பார்கள். அப்பா எழுதிக்கொள்வார். இலைக் காசு வந்ததும் கணக்கு நேராகிவிடும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

தாத்தா சாத்தான்குளம் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர். வந்த புதிதில் குளிர் தாங்காமல் கடைக்குள்ளேயே கரி அடுப்பு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். அவர் வைத்துவிட்டுப் போனவை அந்தக் கடையும் ஒரு பேரேடும். பேரேடு சிவப்புக் காலிகோ அட்டை போட்டது, தடிமனானது, நூல் கட்டித் தைத்தது. ஆளுக்கு ஒரு பக்கம் என்று அதைப் பிரிக்கவில்லை, ஊருக்கு ஊர் பிரித்திருந்தார்கள். ஜக்கனாரை, அரவேணு, நட்டக்கல், மிளிதேன், நெடுகுளா என்று தலைப்பு. ஒவ்வொரு தலைப்பின் கீழும் அந்த ஹட்டியின் குடும்பங்கள்; ஹட்டி என்றால் நீலகிரிப் படுகர்களின் ஊர். இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதைக் கூட்டிப் போடுவது என் வேலை. மண்ணெண்ணெய், புளி, கருப்பட்டி, பார் சோப்பு என்று அப்பாவின் சாய்ந்த எழுத்தில் வரிசையாக இருக்கும். பக்கங்களின் ஓரத்தில் எண்ணெய்க் கை பட்டு மஞ்சளாகிப் போயிருக்கும். அந்த மஞ்சளையும் மிளகாய் வற்றல் நெடியையும் இன்றைக்கும் என்னால் பிரித்து நினைக்க முடியவில்லை.

சாயங்காலம் நாலு மணிக்கு மேல் கடைவீதியே பச்சை வாசம் அடிக்கும். வலைப் பைகளில் இலையை அடைத்து, மேலே மேலே அடுக்கிக்கொண்டு லாரிகள் தொழிற்சாலைக்குப் போகும். கட்டபெட்டுப் பக்கம் போனால் அந்த வாசம் வேறாக மாறும். வாட்டி, அரைத்து, புளிக்க வைத்து, உலர்த்தும் இடத்தில் வருகிற சூடான வாசம் அது. நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலை போட்டால்தான் ஒரு கிலோ தேயிலைத் தூள் கிடைக்கும் என்பதை ஆறாம் வகுப்பிலேயே நான் அறிந்திருந்தேன். பேரேட்டில் கணக்குப் போடுகிற பையனுக்கு அது தெரியாமல் இருக்க வழியில்லை.

அப்பாவின் இளமையில் மலை முழுக்கத் தேயிலை கிடையாது. படுகர்களின் நிலத்தில் உருளைக்கிழங்குதான் அதிகம். மூட்டைகள் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும். ஒரு போகம் நன்றாக விளைந்தால் கல்யாணம், ஒரு போகம் அழுகினால் கடன் என்று ஓடிய வாழ்க்கை. தேயிலை அப்படி இல்லை. நட்டால் ஐம்பது, அறுபது வருஷம் நிற்கும். வருஷம் பூராவும் கொஞ்சமாவது கையில் காசு தரும். ஏக்கர் கணக்கில் நிலம் இல்லாதவரும் அரை ஏக்கரில் நட்டார். இலையை வாங்கி அரைக்க குந்தாவில் 1962ல் முதல் கூட்டுறவுத் தொழிற்சாலை வந்தது. பிறகு கட்டபெட்டு, கரும்பாலம், கைகாட்டி என்று பல இடங்களில் வந்தன. இவற்றுக்கெல்லாம் தலைமை அமைப்பாக 1965ல் 'இன்கோசர்வ்' அமைந்தது. தனியார் கொள்முதல் தொழிற்சாலைகளும் பெருகின. குன்னூரில் 1963லிருந்தே ஏல மையம். வியாழன், வெள்ளி ஏலத்தில் தூள் என்ன விலைக்குப் போனது என்ற செய்தி மறுநாளே எங்கள் கடைப் பலகைக்கு வந்துவிடும். கடை வாசலில் நின்று அதைப் பேசாமல் யாரும் பொருள் வாங்கிப் போனதில்லை.

எண்பதுகளை நினைத்தால் இன்றும் மனசு நிறைகிறது. சோவியத் நாடு வாங்கிக்கொண்டே இருந்த காலம் அது. டாலர் இல்லாமல் ரூபாயிலேயே கணக்கு முடிக்கிற ஏற்பாடு இரு நாடுகளுக்கும் இருந்தது. நீலகிரித் தூள் கொச்சித் துறைமுகம் வழியாகக் கப்பல் ஏறும். ரஷ்யா எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் காட்டத் தெரியாத பாட்டிமார்கள்கூட, "ரஷ்யாக்காரன் வாங்கறான்" என்று பேசுவதைக் கேட்டிருக்கிறேன். ஹட்டிகளில் ஓட்டு வீடுகள் மாடி வீடுகளாயின. பெண் பிள்ளைகள் கோயம்புத்தூருக்குக் கல்லூரி படிக்கப் போனார்கள்.

மார்கழியும் தையும் படுகர்களின் ஹெத்தை அம்மன் பண்டிகைக் காலம். பேரகணிக்குக் கூட்டம் கூட்டமாகப் போவார்கள். ஆணும் பெண்ணும் வெள்ளை உடுத்தி மலைச் சரிவில் நடந்து வருவதைக் கடை வாசலில் நின்று பார்ப்போம். பண்டிகைக்கு முன் இரண்டு வாரம் எங்கள் கடையில் சர்க்கரையும் நெய்யும் தேங்காயும் நிற்காது. பக்கத்து ஜவுளிக் கடையில் வெள்ளை வேட்டிக் கட்டுகள் கூரை வரை அடுக்கியிருக்கும். அந்த ஜவுளிக் கடை, எங்கள் கடை, எதிரே இருந்த பாத்திரக் கடை, முனையில் இருந்த தையற்கடை எல்லாம் இலைக் காசில் நடந்தவை. தோட்டம் வைத்திருந்தவர்களை மட்டும் தேயிலை வாழவைக்கவில்லை. இலை எடுத்த பெண், மூட்டை தூக்கியவர், லாரி ஓட்டியவர், வடை சுட்டவர் வரை அந்தக் காசு இறங்கி வந்தது.

இலை எடுத்த பெண்களில் பலர் இலங்கையிலிருந்து வந்தவர்கள். 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்திருந்து இந்த மலைக்கு வந்து சேர்ந்தவர்கள். அவர்களுக்கென்றே தமிழக அரசு 1968ல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள்தான் இன்றைய 'டான்டீ'. அதில் வேலை கிடைக்காதவர்கள் சிறு விவசாயிகளின் தோட்டங்களில் நாள் கூலிக்குப் போனார்கள். எங்கள் கடைக்கு வந்துபோன ஓர் அம்மா ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். கோதுமை மாவு வாங்கும்போதெல்லாம் ரொட்டிக்கு எது தோதான மாவு என்று என் அம்மாவிடம் விவரமாகச் சொல்லுவார். அவர் விரல்களில் தேயிலைக் கறை நகத்தோடு ஊறியிருக்கும். "அங்கயும் கொழுந்துதான், இங்கயும் கொழுந்துதான் அய்யா. மலை மட்டும்தான் மாறிப் போச்சு" என்று அப்பாவிடம் சொல்லுவார். ஒரு கையெழுத்தால் தன் ஊரை விட்டு வந்த அவருக்கு, அதே இலங்கையோடு போட்ட இன்னொரு கையெழுத்தும் கவலையாக வந்து சேரும் என்று அப்போது யார் நினைத்தோம்.

1991 டிசம்பரில் சோவியத் ஒன்றியம் கலைந்தது. பழைய ரூபாய் ஏற்பாடு போயிற்று. ஆனாலும் ரஷ்ய வியாபாரிகள் வாங்கினார்கள். தொண்ணூறுகளின் நடுவில் விலை ஏறவே செய்தது. ஏறிய விலைக்கு நாங்கள் எல்லாருமே மயங்கினோம் என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டு இலையும் ஒரு மொட்டும் எடுத்த கைகள் போய், கத்தரி வைத்து முற்றலையும் சேர்த்து வெட்டுவது வந்தது. எவ்வளவு கொண்டுபோனாலும் தொழிற்சாலை வாங்கியது. தொழிற்சாலை எப்படி அரைத்தாலும் ஏலத்தில் போயிற்று. தரம் இறங்கியதை அந்த நாட்களில் எடுத்துச் சொல்ல யாரும் இல்லை.

1998 ஆகஸ்டில் ரஷ்ய ரூபிள் சரிந்தது. வாங்குகிற கை சுருங்கியது. அங்கே மிஞ்சிய சந்தையில் இலங்கைத் தேயிலை முன்னே போய் நின்றது. அதே வருஷம் டிசம்பர் 28 அன்று டில்லியில் பிரதமர் வாஜ்பாயும் இலங்கைக் குடியரசுத் தலைவர் சந்திரிகா குமாரதுங்கவும் இந்திய–இலங்கை தடையற்ற வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 2000 மார்ச் 1 அன்று அது நடைமுறைக்கு வந்தது. வருஷத்துக்கு ஒன்றரைக் கோடி கிலோ இலங்கைத் தேயிலை, 7.5 சதவீத வரியில் இந்தியாவுக்குள் வரலாம் என்று அதில் இருந்தது. மறு வருஷம், 2001 ஏப்ரல் 1 அன்று, இறக்குமதிக்கு இருந்த அளவுக் கட்டுப்பாடுகளில் மிச்சமிருந்தவையும் நீங்கின.

டில்லியில் நடந்த கையெழுத்து பேரேட்டில் தெரிந்தது. முதலில் வலது பக்கத்து வரவு சின்னதாகியது. பிறகு சில ஹட்டிகளின் பக்கத்தில் வரவு எழுத இடமே தேவைப்படவில்லை. இரட்டை இலக்கத்தில் இருந்த ஒரு கிலோ பச்சை இலை நாலு, ஐந்து ரூபாய்க்கு வந்தது. இலை எடுக்கிற கூலியே அதற்கு மேல் ஆகும். எடுத்தால் நஷ்டம், விட்டால் செடி வளர்ந்து மரமாகிவிடும். சிலர் எடுக்காமலே விட்டார்கள். இடுப்பளவு தட்டையாக வெட்டிப் பராமரித்த தோட்டங்கள் ஆளுயரம் வளர்ந்து, வெள்ளைப் பூ பூத்து நின்றதை முதன்முதலாக அப்போதுதான் பார்த்தேன். தேயிலைப் பூ அழகானது. விவசாயி அதைப் பார்க்க விரும்பமாட்டார்.

நட்டக்கல் பக்கத்திலிருந்து வருகிற கவுடர் ஒருவர் இருந்தார். அப்பாவோடு ஏறத்தாழ ஒரே வயது. ஒரு நாள் நாளிதழை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். "அண்ணாச்சி, இலங்கைத் தூள் வருதாமே. நம்ம இலையை இனி யார் எடுப்பா?" என்று கேட்டார். அப்பா, "அதெல்லாம் பெரிய எடத்துல பாத்துக்குவாங்க கவுடரே" என்றார். கவுடர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "பெரிய எடத்துல நம்மள யாரும் கேக்கலியே" என்றார். பொருளாதாரம் படித்தவர்கள் எழுதிய எத்தனையோ கட்டுரைகளைப் பிறகு வாசித்தேன். இதைவிடச் சுருக்கமாக விஷயத்தைச் சொன்னவர் யாரும் இல்லை.

நியாயமாகப் பேச வேண்டும் என்றால் இதையும் சொல்ல வேண்டும். அந்த ஒன்றரைக் கோடி கிலோ ஒருபோதும் முழுதாக வரவில்லை. அனுமதித்த அளவில் ஒரு சிறு பங்குதான் ஆண்டுதோறும் வந்தது. நீலகிரியின் விலையை அடித்துத் தள்ளியதில் பெரும்பங்கு ரஷ்யச் சந்தை போனதற்கும், நாமே தரத்தை விட்டதற்கும் உண்டு. ஆனால் விலை விழுந்துகொண்டிருந்த நேரத்தில் வேலியும் விலக்கப்பட்டது. வரப்போகிறது என்ற செய்தியே ஏலத்தில் விலை கேட்பவரின் கையை ஓங்க வைத்தது. தூள் ஒரு மூட்டைகூட இறங்காமலே இலை விலை பேசப்பட்டது. ஒப்பந்தம் சிறிய மனிதனை அடைவது பெரும்பாலும் இப்படித்தான். கப்பலில் வருகிற சரக்குக்கு முன்பே அதைப் பற்றிய பேச்சு வந்து சேர்ந்துவிடும். பெரிய தோட்டக்காரர் விலை ஏறும்வரை சரக்கைக் கிடங்கில் வைத்திருப்பார். அரை ஏக்கர்க்காரர் பறித்த இலையை அன்று ராத்திரிக்குள் கொடுத்தாக வேண்டும். மறுநாள் அது கருகிவிடும்.

இன்னொன்றும் உண்டு. மற்ற நாட்டுத் தேயிலைக்கான வரியை அரசு பின்னால் 100 சதவீதம் வரை உயர்த்தியது. ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்த 7.5 மட்டும் அப்படியே நின்றது. கையெழுத்துப் போட்ட பிறகு விவசாயி எவ்வளவு அழுதாலும் தனியாக மாற்ற முடியாது. ஒப்பந்தத்தின் பலமும் அதுதான், சிறியவர்களுக்கு அதிலுள்ள ஆபத்தும் அதுதான். 2009ல் ஆசியான் நாடுகளோடு கையெழுத்தாகி 2010 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த உடன்பாட்டில் தேயிலை, காப்பி, மிளகு, பனை எண்ணெய் ஆகியவற்றுக்குத் தனிப் பட்டியல் வைத்தார்கள். வரியை ஒரேயடியாக நீக்காமல் பத்து வருஷத்தில் படிப்படியாக இறக்கினார்கள். தேயிலைக்கு 100லிருந்து 45. முந்தைய அடியிலிருந்து கற்றுக்கொண்டது அந்த அளவுக்காவது இருந்தது.

அடிபட்ட வருஷங்களில் அரசு கைகட்டி நிற்கவில்லை. 2001ல் 'ஊட்டி டீ' என்ற பெயரில் கூட்டுறவுத் தொழிற்சாலைத் தூள் தமிழ்நாட்டு நியாயவிலைக் கடைகளுக்கு வந்தது. 2003ல் குன்னூரில் 'டீசர்வ்' மின் ஏலம் தொடங்கியது. தூள் விற்ற பணத்தில் 65 பங்கு இலை கொடுத்தவருக்கு, 35 பங்கு அரைத்தவருக்கு என்று 2015ல் தேயிலை வாரியம் விகிதம் வகுத்தது. இவை நல்ல காரியங்கள். ஆனால் வரிசையைக் கவனியுங்கள். ஒப்பந்தம் முதலில் வந்தது, நிவாரணம் பின்னால் வந்தது, விலைப் பங்கு அதற்கும் பின்னால் வந்தது. நடுவில் போன வருஷங்களில் போனவை போனவைதான்.

என்னென்ன போயின என்று இன்று எண்ணிப் பார்க்கிறேன். ஜவுளிக் கடையின் கூரை தொட்ட வேட்டிக் கட்டுகள் போயின. முனைத் தையற்காரர் குடும்பத்தோடு மலையிறங்கினார். இலை லாரி ஓட்டியவர் சுற்றுலா வண்டி ஓட்டினார். பல கொள்முதல் தொழிற்சாலைகள் பூட்டப்பட்டன. புகைபோக்கி மட்டும் நிற்க, தகரக் கூரை துருவேறியது. ஹட்டிப் பையன்கள் கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் போனார்கள். தோட்டம் விற்ற இடங்களில் சுற்றுலா விடுதிகள் எழுந்தன. கடன் எழுத வந்தவர்கள் அப்பாவின் முகத்தைப் பார்க்கக் கூசி, வேறு தெரு வழியாகப் போக ஆரம்பித்தார்கள். அப்பாவுக்குப் பணம் நின்றதைவிட இதுதான் பெரிய வலி. "குடுக்க வேண்டாம், வந்து பேசிட்டாவது போகலாமே" என்பார். மொத்த வியாபாரிக்கு நாங்கள் கொடுக்க வேண்டியது ஏறியது. ஒரு கட்டத்தில் கடையைக் கைமாற்றினோம். பேரேட்டில் நின்ற பாக்கியை அப்பா யாரிடமும் கேட்கவில்லை, எங்களையும் கேட்கவிடவில்லை. பல வருஷம் கழித்துச் சிலர் தேடி வந்து கொடுத்தார்கள். அப்படி வந்தவர்களில் ஹட்டன் அம்மாவின் மகளும் ஒருவர். அம்மா சாகும்போது சொல்லிவிட்டுப் போனாராம்.

அந்த உலகத்தின் அச்சாணி நம்பிக்கை. வங்கி எட்டாத ஊரில் மளிகைக் கடைப் பேரேடுதான் சிறு விவசாயியின் வங்கி. அவர் தோட்டம்தான் அந்தக் கடையின் முதலீடு. வணிக ஒப்பந்தங்களின் லாப நஷ்டத்தைக் கணக்கிடுகிறவர்கள் ஏற்றுமதி இவ்வளவு, இறக்குமதி இவ்வளவு என்று எழுதுகிறார்கள். ஒரு கடைவீதி முழுக்க ஒருவரையொருவர் தாங்கி நின்ற ஏற்பாடு குலைந்தால் அது எந்தக் கட்டத்திலும் ஏறுவதில்லை.

ஒப்பந்தங்களே கூடாது என்று நான் சொல்லவில்லை. எங்கள் ஹட்டிப் பையன்கள் போய்ச் சேர்ந்த திருப்பூரே ஏற்றுமதியில் வாழ்கிற ஊர். 2022 மே முதல் நடப்பில் இருக்கும் அமீரக ஒப்பந்தமும், 2025 ஜூலை 24 அன்று பிரிட்டனோடு கையெழுத்தானதும் பின்னலாடைக்கு வரியில்லாத வாசலைத் திறப்பவை. அந்த வாசலால் ஒரு சின்னத் தையல் கூடத்துக்கு வேலை கிடைத்தால் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் திருப்பூரில் பெருகுகிற லாபத்தில் ஒரு காசாவது கோத்தகிரியின் நஷ்டத்துக்கு வந்து சேர வழி செய்யாமல், நாட்டுக்கு மொத்தத்தில் லாபம்தான் என்று சொல்வது நேர்மையான கணக்கு ஆகாது. டார்ஜிலிங்கிலும் இதே கதைதான். நேபாளத் தேயிலை வரியில்லாமல் எல்லை தாண்டி வந்து, டார்ஜிலிங் பெயரிலேயே விற்கப்படுகிறது என்று அங்கத்திய விவசாயிகள் முறையிடுகிறார்கள். இந்தியாவிலேயே முதன்முதலில் புவிசார் குறியீடு பெற்ற பொருளின் நிலை இது.

நீலகிரியில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு தேயிலை விவசாயிகள் இருக்கிறார்கள். 2023 செப்டம்பரில் நட்டக்கல்லில் அவர்கள் தொடர் உண்ணாவிரதம் இருந்தார்கள். இலைக்குக் குறைந்தபட்ச விலை வேண்டும் என்பதே கோரிக்கை. அந்தப் பந்தலில் உட்கார்ந்தவர்களில் பலர், 2000ல் செடியை எடுக்காமல் விட்டவர்களின் பிள்ளைகள். ஒரு தலைமுறை முழுக்க ஒரே கேள்வியோடு நிற்கிறது.

இந்தியா இன்று ஒப்பந்தத்துக்கு மேல் ஒப்பந்தமாகப் பேசிக்கொண்டிருக்கிறது. பேசுகிறவர்களிடம் நான் கேட்பது மூன்று. எந்தப் பொருளுக்கு வரி இறங்கப் போகிறது என்ற பட்டியலைக் கையெழுத்துக்கு முன்பே தமிழில் அச்சிட்டு, அந்தப் பொருளை விளைவிக்கிற ஊரின் கிராமசபையில் வாசியுங்கள். விலை விழுந்தால் தாங்க ஒரு நிதியை ஒப்பந்தத்தோடு சேர்த்தே சட்டமாக்குங்கள், அழுகை கேட்ட பிறகு தேடாதீர்கள். அந்த நிதியைப் பங்கிடும்போது தோட்டம் உள்ளவரோடு, இலை எடுப்பவரையும் கடன் கொடுத்த கடைக்காரரையும் கணக்கில் எடுங்கள். அன்று கவுடரை யாரும் கேட்கவில்லை. அவர் பேரப்பிள்ளைகளையாவது கேளுங்கள்.